புரியாத அக்கா

ரேடியோவில் பேசுகிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நாங்கள் நம்பிய காலம் அது. செய்தி வாசிப்பவருக்கு உலகம் தெரியும், பாட்டுப் போடுபவருக்கு ராகம் தெரியும், பேட்டி எடுப்பவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரைவிட ஒரு பிடி அதிகமாகவே தெரியும். அப்படிப்பட்ட காலத்தில், சிங்கப்பூர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, "எனக்குப் புரியலீங்க, இன்னொரு தடவ சொல்லுங்க" என்று கொஞ்சமும் கூசாமல் சொன்ன ஒரு பெண்ணோடு நான் சில வருடங்கள் வேலை பார்த்தேன்.

பெயரை எழுதப்போவதில்லை. நிகழ்ச்சியில்கூடத் தன் பெயரைச் சொல்லிக்கொள்ளாதவர் அவர். நிலையத்தில் எல்லோருக்கும் அக்கா. அவரைவிடப் பத்து வயது மூத்த ஒலிக்கட்டுப்பாட்டாளர், மலாய்க்காரர், அவரும் "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். தமிழர்கள் கூடும் தேக்கா வட்டாரத்துக் கோப்பிக் கடைகளில் அவருக்கு வேறு பெயர். "இன்னிக்கு வியாழக்கிழமையில்ல, புரியாத அக்கா வருமே, ரேடியோவத் திருப்புங்க" என்பார்கள். கேலிதான். ஆனால் அந்தக் கேலியைச் சொல்லிக்கொண்டே கோப்பியை எடுத்துக்கொண்டு ரேடியோவுக்குப் பக்கத்து மேசைக்கு நகர்வார்கள்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தமிழ்ப் பிரிவில் தட்டச்சு எழுத்தர். நல்ல தமிழ் எழுதுவேன் என்ற திமிர் உண்டு. அக்காவுக்கு முப்பதோ முப்பத்தொன்றோ. கையில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம், தோளில் ஒரு துணிப்பை, பைக்குள் எப்போதும் இஞ்சி மிட்டாய். பேசப் போகும் முன் தனக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று. பெரிய பட்டம் வாங்கியவர்களெல்லாம் அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சிவப்பு விளக்குக்குக் காத்திருப்பதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்ப்பது எனக்கு வேடிக்கை.

நிகழ்ச்சிக்கு 'வாரம் ஒருவர்' என்று பெயர். வியாழன் மாலை ஏழு மணிக்கு அரை மணி நேரம். ஊருக்கு வந்திருக்கும் எழுத்தாளர், ஆஸ்பத்திரி டாக்டர், வீட்டுத் திட்டத்தில் வேலை செய்யும் அதிகாரி, வழக்கறிஞர் என்று யாராவது ஒருவர் வருவார். உரையாடல் என்று பெயர்தானே தவிர, அதில் உரையாட ஒன்றும் கிடையாது. வருகிறவரே கேள்வியையும் பதிலையும் எழுதி அனுப்பிவிடுவார். நான் கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி அடிப்பேன். ஒன்று அவருக்கு, ஒன்று அக்காவுக்கு, ஒன்று பிரிவு அதிகாரியின் கோப்புக்கு. அதிகாரி பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுவார். பிறகு இருவரும் உட்கார்ந்து, அப்போதுதான் தோன்றியது போல, மாற்றி மாற்றி வாசிக்க வேண்டும். "நல்ல கேள்வி கேட்டீர்கள்" என்பதுகூட எழுதியிருக்கும். பதிவு செய்து போடுவதில்லை, எல்லாம் நேரடி.

இதில் என் கைவரிசையும் உண்டு. வருகிற பிரதிகளில் தமிழ் சுமாராக இருக்கும். டாக்டர் "கண்ட இடத்தில் எச்சில் துப்பாதீர்கள்" என்று எழுதியிருந்தால் நான் "பொதுவிடங்களில் உமிழ்தலைத் தவிர்த்தல் நலம்" என்று அடித்துவிடுவேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அதிகாரிக்கு அது பிடிக்கும். என்னைப் பாராட்டுவார். அக்கா ஒன்றும் சொல்ல மாட்டார். பிரதியை வாங்கிப் படித்துவிட்டு, "நல்லா அடிச்சிருக்கம்மா" என்று மட்டும் சொல்லுவார்.

வாசித்துக்கொண்டே வரும் அக்கா, கையில் இருக்கும் பென்சிலை மெதுவாக மேசைமேல் வைப்பார். அதுதான் அடையாளம். இனி தாளில் இருப்பது கிடையாது என்று அர்த்தம். ஒலிக்கட்டுப்பாட்டாளர் என்னைத் திரும்பிப் பார்த்து, "சுடா மூலா" என்பார். மலாயில், 'தொடங்கிவிட்டது'. பிறகு ஒரு கையை ஒலிவிசையில் வைத்துக்கொண்டு மறு கையால் தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரு தடவை காசநோய் டாக்டர் வந்திருந்தார். அப்போதெல்லாம் எங்கள் தெருவில் எந்த மாடிப்படி ஏறினாலும் ஓர் இருமல் கேட்கும். டாக்டர் வாசித்தார்: "நோயுற்றவரைத் தனிமைப்படுத்துதல் இன்றியமையாதது." அந்த 'இன்றியமையாதது' என் உபயம். அக்கா பென்சிலைக் கீழே வைத்தார்.

"டாக்டர், எனக்குப் புரியலீங்க. ஒரே ரூம்ல நாங்க ஏழு பேரு இருக்கோம்னு வைங்க. அதுல ஒருத்தருக்கு இருமல். அவர எங்க கொண்டுபோய்த் தனியா வைக்கிறது?"

டாக்டர் தாளைப் புரட்டிப் பார்த்தார். அதில் ஏழு பேர் இல்லை. ரேடியோவில் ஐந்து விநாடி சத்தமில்லாமல் இருந்தால் வீட்டில் பெட்டியைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அக்காவுக்கு அந்தப் பயமே கிடையாது. டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டில் பேசுவது போலப் பேச ஆரம்பித்தார்.

"சன்னல் பக்கமாப் படுக்க வைங்கம்மா. குளிருதுன்னு சன்னல மூடிடாதீங்க. அவருக்குன்னு ஒரு கோப்பை, ஒரு தட்டு வச்சிடுங்க. சளிய டின்ல துப்பி மூடி வைக்கச் சொல்லுங்க. முக்கியமா, கிளினிக்குக்குக் கூட்டிட்டு வாங்க. இவ்ளோ நாள் ஏன் வரலன்னு யாரும் திட்ட மாட்டோம்."

"திட்ட மாட்டீங்களா?"

"மாட்டோம்மா."

"அத மட்டும் இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டர்."

அவர் சொன்னார். அடுத்த வாரம் அந்த டாக்டரே நிலையத்துக்கு வந்தார். கிளினிக்கில் தமிழ் ஆட்கள் வரிசை வாசலைத் தாண்டிப் போகிறது, எல்லோரும் முதலில் 'திட்ட மாட்டீங்கல்ல' என்றே கேட்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தார்.

எழுத்தாளர்களிடமும் இதே கதைதான். தமிழ்நாட்டிலிருந்து ஒரு நாவலாசிரியர் வந்திருந்தார். சால்வையும் ஜவ்வாது வாசனையுமாக உட்கார்ந்து, மானுடத்தின் அகத்தேடல் பற்றிப் பத்து நிமிடம் வாசித்தார். அன்று எனக்கு மெய்சிலிர்த்தது, பொய் சொல்லக் கூடாது. அக்கா பென்சிலை வைத்துவிட்டு, "ஐயா, உங்க புத்தகத்த ரெண்டு தடவ படிச்சேன். கடைசில அந்தப் பொண்ணு புருசன் வீட்டுக்குத் திரும்பிப் போச்சா, இல்லையா? எனக்குப் புரியலீங்க" என்றார். நான் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். நாவலாசிரியர் சால்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "எனக்கே தெரியலம்மா. அவ என் தங்கச்சி. அனுப்பி வச்சது நான்தான். அதுக்கு மேல எழுத முடியல" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசியதை நான் தட்டச்சு செய்யவில்லை, யாரும் கையெழுத்துப் போடவில்லை. இந்தப் பத்து வருடத்தில் ரேடியோவில் தான் கேட்ட நல்ல பேச்சு அது ஒன்றுதான் என்று ஒலிக்கட்டுப்பாட்டாளரே சொன்னார். அவருக்குத் தமிழ் அரைகுறைதான்.

அக்கா உண்மையிலேயே மண்டு என்று நான் முதல் ஆறு மாதம் நம்பினேன். பிறகு ஒரு நாள் அவர் மேசையில் எதையோ தேடப்போய், காசநோய் பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடப்பதைப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் குறிப்பு. சன்னல், கோப்பை, டின், எல்லாம் அதில் இருந்தது. டாக்டர் சொல்லப்போகும் பதில் முழுக்க அக்காவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"அக்கா, எல்லாம் தெரிஞ்சு வச்சிக்கிட்டு எதுக்குப் புரியலங்கிறீங்க? ஊரே உங்களப் பாத்துச் சிரிக்குது" என்று கேட்டேன்.

அவர் இஞ்சி மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "எங்கப்பா கோர்ட்ல மொழிபெயர்ப்பாளரு. சின்ன வயசுல அவருக்குச் சாப்பாடு கொண்டு போவேன். மாஜிஸ்திரேட் கேப்பாரு, எங்கப்பா அதச் செந்தமிழ்ல சொல்லி, புரியுதான்னு கேப்பாரு. கூண்டுல நிக்கிற ஆளு, 'புரியுதுங்க'ம்பாரு. எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க. ஒருத்தர்கூடப் புரியலன்னு சொல்லி நான் கேட்டதில்ல. அப்படியே செயிலுக்குப் போயிடுவாங்க." பிறகு எழுந்து போய்விட்டார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை.

இனி என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். செம்பவாங்கில் வெள்ளைக்காரர்களின் கப்பற்படைத் தளத்தில் அவருக்குப் பாரந்தூக்கி ஓட்டும் வேலை. அதை நாங்கள் 'பேஸ்' என்போம். ஜப்பான் சண்டைக்கு முன்னால் கப்பலேறி வந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் தெரியாத விஷயம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதாக ஒப்புக்கொள்ளவும் மாட்டார். நாங்கள் நோரிஸ் ரோட்டில் ஒரு மாடியறையில் குடியிருந்தோம். கீழே நாகூர்க்கார நானா ஒருவரின் சாப்பாட்டுக் கடை. வியாழன் மாலை அப்பா அங்கேதான் இருப்பார். அக்கா "புரியலீங்க" என்றதும், "இதுகூடத் தெரியல பாரு இந்த மண்டுக்கு" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லி, விருந்தினருக்கு முன்னால் தானே பதில் சொல்லிவிடுவார். மகள் அதே நிலையத்தில் வேலை செய்வதால் அப்பாவின் பேச்சுக்குக் கடையில் மரியாதை உண்டு.

ஐம்பதுகளின் கடைசியில் குடியுரிமைப் பதிவு நடந்தது. இந்தியாவில் பிறந்து இங்கே பல வருடம் இருந்தவர்கள், பதிந்துகொண்டு பிரமாணம் எடுத்தால் இந்த நாட்டவர் ஆகலாம். ஒரு வழக்கறிஞரை நிகழ்ச்சிக்கு அழைத்திருந்தார்கள். அவருடைய பிரதியை நான் அடித்துக்கொண்டிருந்தேன். 'வதிவிடத் தகுதி', 'விசுவாசப் பிரமாணம்' என்று அருமையான சொற்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதற்கும் எங்கள் வீட்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டு என்று என் மண்டையில் ஏறவே இல்லை.

தேநீர் நேரத்தில் அக்கா கேட்டார், "உங்கப்பா பதிஞ்சிட்டாராம்மா?"

"அவருக்கு எதுக்கக்கா? அவர்கிட்டதான் அடையாள அட்டை, ஐ.சி. இருக்கே. கைநாட்டு வச்சு, போட்டோ ஒட்டி, சண்டை முடிஞ்சதும் கொடுத்தாங்களே. இந்த ஊர் ஆளுன்னுதானே அதக் கொடுத்தாங்க? அதுவுமில்லாம, பதிஞ்சிட்டா அப்புறம் ஊருக்கே விடமாட்டாங்களாம். எங்கப்பாவோட அம்மா இன்னும் இருக்காங்க. நாளைக்கு ஒண்ணுன்னா கொள்ளி வைக்கப் போக வேணாமா?"

நான் இதை விளக்கம் கொடுக்கிற தோரணையில்தான் சொன்னேன். அக்கா என்னைத் திருத்தவில்லை. "ஓ, அப்படியா" என்று தேநீரைக் குடித்தார்.

வியாழன் மாலை வந்தது. வழக்கறிஞர் வாசித்தார். பாதியில் பென்சில் மேசைமேல் இறங்கியது.

"ஐயா, எனக்குப் புரியலீங்க. ஐ.சி. இருக்கே, கைநாட்டு வச்சு, போட்டோ ஒட்டி. இந்த ஊர் ஆளுன்னுதானே அதக் கொடுத்தாங்க? அது இருந்தாப் போதும்தானே?"

"போதாதும்மா" என்றார் வழக்கறிஞர். "ஐ.சி. நீங்க யாருன்னு சொல்லும். நீங்க இந்த நாட்டு ஆளுன்னு சொல்லாது. அது வேற, இது வேற. பதிஞ்சாத்தான் உண்டு."

"பதிஞ்சிட்டா ஊருக்கே விடமாட்டாங்களாமே? எங்கம்மா ஊர்ல இருக்காங்கன்னு வைங்க. நாளைக்கு ஒண்ணுன்னா கொள்ளி வைக்கப் போக வேணாமா?"

வழக்கறிஞருக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரும்மா உங்களுக்கு இதெல்லாம் சொன்னது? இங்க கொடுக்கிற பாஸ்போர்ட்ல தாராளமாப் போகலாம், வரலாம். யாரோ கிளப்பிவிட்ட புரளி அது."

யாரும்மா சொன்னது? கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்தான் நின்றுகொண்டிருந்தேன். என் முகம் பற்றி எரிந்தது. என் வாயிலிருந்து வந்த சொற்கள், ஏறக்குறைய அப்படியே. என் அப்பாவை, என்னை, ஊர் முன்னால் வைத்துக் கேலி செய்துவிட்டார் என்று நினைத்தேன். நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தவர், "சாப்பிட்டியாம்மா?" என்றார். பதில் சொல்லாமல் பஸ்ஸுக்கு நடந்தேன்.

வீட்டுக்குப் போனால் அப்பா பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சாப்பிடவில்லை. காரணத்தைக் கீழே கடைக்கார நானாதான் மறுநாள் சொன்னார். ஐ.சி. இருந்தால் போதும்தானே என்று அக்கா கேட்டதும், அப்பா வழக்கம்போல எழுந்து நின்று, "போதும், போதும், இதுகூடத் தெரியல" என்றாராம். ரேடியோ, "போதாதும்மா" என்றதாம். கடையே சிரித்ததாம். இதைக் கேட்டதும் எனக்கு அக்காமேல் இருந்த கோபம் இரண்டு மடங்கானது.

அதற்கடுத்த திங்கட்கிழமை அதிகாரி என்னைக் கூப்பிட்டார். வழக்கறிஞர் புகார் சொல்லியிருக்கிறார். கையெழுத்தாகாத கேள்வி, அதுவும் அரசாங்கத் திட்டத்தைப் பற்றிய புரளியை ரேடியோவிலேயே சொன்னது, பெரிய விஷயம். விளக்கம் கேட்டதற்கு அக்கா ஒரே வரிதான் எழுதிக் கொடுத்திருந்தார்: 'எனக்குப் புரியவில்லை, கேட்டேன்.' அதிகாரி கெட்டவர் இல்லை. விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தார்.

"உங்கள ஒண்ணு கேக்கிறேன்" என்றார். "நீங்க அவங்க பக்கத்திலேயே இருக்கீங்க. அந்தம்மா நெசமாவே தெரியாமத்தான் கேட்டாங்களா? தெரியாமக் கேட்டிருந்தா, இனி இப்படிச் செய்யாதீங்கன்னு சொல்லி முடிச்சிடுவேன்."

நான் யோசிக்கக்கூட இல்லை. "தெரியும் சார். எல்லாம் தெரிஞ்சுதான் கேக்குறாங்க. எப்பவுமே அப்படித்தான்" என்றேன்.

சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அதுதான் இத்தனை வருடமாக என்னை அரித்தது. அன்று மதியம் அதிகாரி எழுதிக் கொடுத்த கடிதத்தை நானே அடித்தேன். 'தங்கள் விளக்கம் உண்மையல்ல என அறியவருகிறது' என்ற வரியை ஒரு பிழையில்லாமல் அடித்தேன். அக்காவை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பாட்டு நிகழ்ச்சியில் பாட்டுக் கேட்டு எழுதியவர்களின் பெயரும் ஊரும் வாசிக்கிற வேலையைக் கொடுத்தார்கள். 'வாரம் ஒருவ'ருக்கு வேறொருவர் வந்தார். அருமையான குரல். தாளில் இருந்ததைத் தவிர ஒரு எழுத்து கூடுதலாகப் பேச மாட்டார்.

நானா கடையில் வியாழக்கிழமை ரேடியோ ஓடவில்லை. மற்ற கடைகளிலும் அப்படித்தான் இருந்திருக்கும், ஏனென்றால் கடிதங்கள் வர ஆரம்பித்தன. பலரும் எழுதத் தெரிந்த யாரையாவது பிடித்து எழுதியிருந்தார்கள். 'எங்களைப் போல் புரியாமல் கேட்கும் அம்மாவைக் காணோமே, உடம்புக்கு என்ன' என்று பிடோக் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர். ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு அக்காவைத் திரும்ப அதே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முதல் நாள் எனக்கும் ஓர் இஞ்சி மிட்டாய் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அவர் என்னிடம் எப்போதும் போலத்தான் இருந்தார், நான்தான் அப்படி இல்லை. வேலையைத் தவிர வேறு பேசுவதில்லை. அதன்பின் எனக்குக் கல்யாணமாகி, குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டுக்குப் போய், வேலையையும் விட்டேன்.

அறுபதுகளின் நடுவில் மலேசியாவிலிருந்து பிரிந்து நாடு தனியாயிற்று. பழைய ஐ.சி.யை வாங்கிக்கொண்டு புதிதாகக் கொடுத்தார்கள். குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு, மற்றவர்களுக்கு நீலம். நீலக் கார்டுக்காரர்கள் வேலை செய்யத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். பேஸில் ஆள் குறைப்பு வருமென்ற பேச்சும் கிளம்பியிருந்தது. அப்பாவைப் பார்க்க நோரிஸ் ரோட்டுக்கு ஓடினேன். எப்படியெல்லாம் சமாதானம் சொல்லலாம் என்று பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன்.

அப்பா தகரப் பெட்டியைத் திறந்து, எண்ணெய்த் தாளில் சுற்றிய ஒன்றை எடுத்தார். குடியுரிமைச் சான்றிதழ். கீழே அவருடைய கைநாட்டு. எட்டு வருடத்துக்கு முந்தியது.

"இத எப்பப்பா வாங்கினீங்க?"

"அந்த மண்டு ரேடியோவுல கேட்டுச்சுல்ல. அதுக்கு அடுத்த வாரம், லீவு போட்டுட்டுப் போனேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே."

"என்னத்தச் சொல்றது? கடையில அத்தன பேரு முன்னால வாயக் கொடுத்து மாட்டிக்கிட்டேன். ராத்திரி பூரா யோசிச்சேன். ரேடியோவுல பேசுற பொம்பள, இங்கிலீசெல்லாம் படிச்சது, அதுக்கே தெரியலயாம். எனக்குத் தெரியலன்னா என்ன குறைஞ்சு போச்சுன்னு கிளம்பிட்டேன். நீ சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன்." பெட்டியை மூடிவிட்டு எதிர் அறைக் கதவைப் பார்த்தார். "எதிர் ரூம்காரன் அன்னிக்கு வேலைக்குப் போயிருந்தான், கேக்கல. அவன்கிட்டயாவது நான் சொல்லியிருக்கணும். வெக்கமா இருந்துச்சு. விட்டுட்டேன்."

எதிர் அறை மாமா அப்பாவோடு ஒரே லாரியில் இருபது வருடம் பேஸுக்குப் போனவர். அவருக்கு நீலக் கார்டு வந்தது. பதிவதற்கான விதிகள் அதற்குள் கடுமையாகிவிட்டன. ஆள் குறைப்பில் முதலில் போனவர்களில் அவரும் ஒருவர். அனுமதி கிடைக்காமல், பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டுக் கப்பலேறினார். அப்பா துறைமுகத்துக்கு வழியனுப்பப் போகவில்லை. என் அப்பா இங்கேயே இருந்தார், இங்கேயே பேரப்பிள்ளைகளைத் தூக்கினார், தன் அம்மா இறந்தபோது இந்த நாட்டுப் பாஸ்போர்ட்டில் போய்க் காரியம் செய்துவிட்டுத் திரும்பி வந்தார். எல்லாம் ஒரே ஒரு வியாழக்கிழமை மாலையால் நடந்தது.

சான்றிதழைப் பார்த்த அந்த வாரமே, ஒரு சனிக்கிழமை, கெர்பாவ் ரோட்டில் அக்கா வீட்டுக்குப் போனேன். என்ன பேச வேண்டும் என்பதை மனசுக்குள் மூன்று பிரதி அடித்துக்கொண்டுதான் போனேன். அக்கா உளுந்து வடை சுட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லித் தட்டில் இரண்டு வைத்தார். நான் எழுந்து நின்று, அவர் கேட்ட வினா எங்கள் குடும்பத்தின் எதிர்காலத்துக்கே வழிகாட்டியது என்றும், அதற்கு என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறோம் என்றும் ஒப்பித்தேன்.

அக்கா கரண்டியை அடுப்பு மேடைமேல் வைத்தார். பென்சிலை வைப்பது மாதிரியே இருந்தது.

"எனக்குப் புரியலம்மா. இன்னொரு தடவ சொல்லு."

"எங்கப்பா உங்க பேச்சக் கேட்டுட்டுப் போய்ப் பதிஞ்சிருக்காரு அக்கா. எங்ககிட்ட சொல்லவே இல்ல. அவருக்குச் சிவப்புக் கார்டு கிடைக்கப்போவுது. நீங்க கேக்கலன்னா அவர இழந்திருப்போம்."

"அது நல்ல சேதிதானே. அதுக்கு ஏன் அழுவுற? புரியலையே."

ஐந்து விநாடி ஆகியிருக்கும். பத்தும் ஆகியிருக்கும். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் காய்ந்து புகைந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. அந்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்ததும், அந்த நாவலாசிரியர் தங்கச்சி என்று சொன்னதும் ஏன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அன்னிக்கு அதிகாரி என்னைக் கேட்டாரு அக்கா. தெரியாமக் கேட்டீங்கன்னு நான் சொல்லியிருந்தா விட்டிருப்பாரு. தெரிஞ்சுதான் கேட்டாங்கன்னு சொன்னேன். எங்கப்பாவக் கேலி பண்ணிட்டீங்கன்னு நினைச்சு, வேணும்னே சொன்னேன். உங்க நிகழ்ச்சி போனது என்னால. அந்தக் கடுதாசியும் நான்தான் அடிச்சேன்."

எத்தனை பேரைப் பேட்டி எடுத்திருப்பார். யாரிடமும், எந்தப் பதிலுக்குப் பிறகும், அவர் சொல்லி நான் கேட்காத ஒன்றை அன்று சொன்னார்.

"இப்பப் புரியுது" என்றார்.

பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு, என் தட்டில் இன்னொரு வடை வைத்தார்.